இரும்பு ஓடிப் போகாது, மாப்ளே!

நம்ம ஊரில் 'சொத்து' என்கிற வார்த்தைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில், 'பையனுக்குக் கொஞ்சம் கடன் இருக்கு' என்றால் முகம் சுளிப்பவர்கள், 'ஆனா ஊர்ல சொத்து இருக்கு' என்றதும், 'காபிக்குச் சர்க்கரை போதுமா?' என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சொத்து எங்கே இருக்கு, அதில் என்ன விளையுது, பட்டா யார் பேரில் என்றெல்லாம் கேட்கிற துணிச்சல் அப்போது யாருக்கும் வராது. கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடும்!

கம்பெனி விஷயத்திலும் இதே கதைதான். அதிலும் ஸ்டீல் கம்பெனி என்றால் கேட்கவே வேண்டாம். ஆகாசத்தைத் தொடுகிற புகைபோக்கி, மைல் கணக்கில் மதில் சுவர், உள்ளேயே தனி ரயில் பாதை... பார்த்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். 'இவ்வளவு சொத்து வெச்சிருக்கிறவனுக்கு அவ்வளவு கடன் இருந்தாத்தான் என்ன?' என்று மனசு தானாகவே சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

என் தாய்மாமாவும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ரிடையர் ஆனவர். கிராஜுவிட்டி, பி.எஃப்., கம்யூட்டேஷன் என்று மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்திருந்தது. ஆயுசில் முதல் தடவையாக பேங்க் மேனேஜர் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னார். அந்த வணக்கம் அடங்குவதற்குள் ஏதோ ஒரு வாட்ஸப் குரூப்பில் மாமாவைச் சேர்த்துவிட்டார்கள். அதில் காலையில் ஒரு கோயில் கோபுரம், மத்தியானம் ஒரு ஷேர் டிப்ஸ், ராத்திரி ஒரு குட்நைட் ரோஜா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தடிமனான ஒரு ஆண்டறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். அதனால் குடும்பத்தில் யாருக்கு எந்தக் காகிதம் புரியாவிட்டாலும் - ரேஷன் கார்டு உள்பட - என்னிடம்தான் வரும்.

"மாப்ளே, இதுல பத்து லட்சம் போடலாம்னு இருக்கேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பத்து லட்சம் என்ன பணம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தை மாசம் மாமா பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. நகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிவைத்த பணம் அது.

கம்பெனி பேர் வேண்டாம். நடுத்தர அளவு ஸ்டீல் கம்பெனி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு சுலபமாக இருக்க எண்களையும் முழுசாக்கித் தருகிறேன்: மொத்தச் சொத்து 30,000 கோடி, கடன் 18,000 கோடி.

"நூத்துக்கு அறுபதுதானேடா கடன்? நான் வீடு கட்டினப்போ நூத்துக்கு எண்பது லோன் வாங்கினேன். நான் என்ன ஓடியா போயிட்டேன்? இது வேற இரும்பு. உருகுமே தவிர, ஓடிப் போகாது மாப்ளே!"

நல்ல வசனம். சினிமாவில் வந்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் மாமா சொன்ன வீட்டுக்கடன் உதாரணத்திலேயே பதிலும் இருந்தது.

"மாமா, அந்த லோனை எதுல இருந்து கட்டினீங்க?"

"சம்பளத்துல இருந்துதான்."

"வீட்டுல இருந்து மாசம் பத்து செங்கல் பேர்த்து வித்துக் கட்டலையே?"

அத்தை சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேலையைச் சீரியஸாக எடுத்துக்கொண்டால் அவர் செய்கிற காரியம் அது.

விஷயம் அவ்வளவுதான் ஸார். நம் வீட்டுக்கடனை வீடு கட்டுவதில்லை. நம் சம்பளம் கட்டுகிறது. ஸ்டீல் கம்பெனிக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. வீடும் அதுதான், சம்பளக்காரனும் அதுதான். உலை எரிந்து, இரும்பு உருகி, தகடாகி, விலை போய், செலவு போக மிஞ்சினால்தான் வட்டி. ஆகவே 'சொத்து எவ்வளவு?' என்பது இரண்டாவது கேள்வி. 'அந்தச் சொத்து எவ்வளவு சம்பாதிக்கிறது?' என்பதுதான் முதல் கேள்வி.

சாப்பாட்டு மேஜையில் தட்டுக்களை ஓரம் கட்டிவிட்டு, அந்த 30,000 கோடியைப் பிரித்துப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருக்கிற தொழிற்சாலை 15,000 கோடி. கட்டி முடியாமல் நடந்துகொண்டிருக்கிற வேலை 7,000 கோடி. நிலக்கரி, தாது, விற்காத சுருள் தகடு எல்லாம் சேர்த்து 4,000 கோடி. வர வேண்டிய பாக்கி 2,000 கோடி. துணைக் கம்பெனிகளில் போட்ட முதல் 1,500 கோடி. கையிருப்பு ரொக்கம் 500 கோடி.

"கட்டி முடியாத வேலைன்னா?" என்றார் மாமா.

"புதுசா ஒரு பெரிய உலை, ஒரு தகடு ஆலை கட்டிக்கிட்டிருக்காங்க. இன்னும் முடியல."

"அப்ப அதுல இருந்து காலணா வராதே? பாதி கட்டின வீட்டுக்கு எவன் வாடகை தருவான்?"

பாருங்கள், மனுஷன் எவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டார்! ஆனால் அதற்குள் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கட்டுமானம் நடக்கிற காலத்தில் அந்த வேலைக்காக வாங்கின கடனுக்கு வட்டி கட்டுகிறார்கள் இல்லையா? அந்த வட்டியைச் செலவாகக் காட்டாமல், கட்டுகிற ஆலையின் விலையோடு சேர்த்துச் சொத்தாகவே எழுதிக்கொள்ளலாம். கணக்கு விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. திருட்டுத்தனம் எதுவும் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். வேலை ஒரு வருஷம் இழுத்தால் கடன் கூடும்; கூடவே புத்தகத்தில் சொத்தும் கூடும். விகிதம் பெரிசாக அசையாது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் சௌக்கியமாகத் தெரியும்.

"அதாவது, வேலை லேட்டாக லேட்டாக சொத்து ஏறுது?"

"ஆமா."

"எங்க ஒர்க்‌ஷாப்புல லேட்டானா மெமோதான் குடுப்பாங்க!"

சரி, ஓடிக்கொண்டிருக்கிற 15,000 கோடிக்காவது வருவோம். அது தொழிற்சாலைக்கு ஆன செலவில் தேய்மானத்தைக் கழித்து எழுதிய எண். விற்றால் வரும் விலை அல்ல. வீடு என்றால் நாளைக்கே ஒரு புரோக்கரைக் கூப்பிட்டு விலை கேட்கலாம். பிளாஸ்ட் ஃபர்னஸ் என்கிற ஊதுலைக்கு எந்தத் தெருவில் புரோக்கர் இருக்கிறார்? அதைக் கொண்டுபோய் வேறே என்ன செய்ய முடியும்? கல்யாண மண்டபமாக வாடகைக்கு விடவா முடியும்?

இன்னொன்று. ஊதுலையை நம் வீட்டு ஸ்டவ் மாதிரி நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது ஏற்ற முடியாது. ராவும் பகலுமாக வருஷக்கணக்கில் எரிய வேண்டும். சரியான ஏற்பாடு இல்லாமல் ஆறவிட்டால், அடியில் தேங்கின இரும்பு ஒரே கட்டியாக உறைந்துபோகும். உள்ளே பதித்த தீச்செங்கல்லும் பாழாகும். மறுபடி தொடங்குவது சாமான்யச் செலவில்லை. மார்க்கெட் மந்தம் என்று கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போகிற வியாபாரம் இல்லை இது. நஷ்டத்திலும் ஓட்டியாக வேண்டும்.

விற்பனைக்கு வந்த இரும்பாலை என்ன விலை போகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு நிஜக் கதை இருக்கிறது. டோர்ட்முண்ட் நகரத்தில் ஃபீனிக்ஸ் என்று ஒரு பெரிய இரும்பாலை. ஊருக்கே சோறு போட்டது. அது மூடப்பட்டபோது, சீனாவின் ஷாகாங் கம்பெனி அதை வாங்கியது. கிட்டத்தட்ட பழைய இரும்பு விலைக்கு! 2002 வாக்கில் சுமார் ஆயிரம் சீனத் தொழிலாளர்கள் வந்து இறங்கி, ஆலையைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, நம்பர் போட்டு, கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆலை இருந்த இடத்தில் ஒரு பகுதி இன்றைக்குச் செயற்கை ஏரி. கரையில் புதுப்புது வீடுகள்.

மாமா இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நாற்பது வருஷம் இரும்போடு பழகினவர். ஆலையைக் கழற்றினார்கள் என்பது அவருக்குச் செய்தி இல்லை, துக்கம்.

"ஜெர்மனியை விடு. நம்ம ஊர்ல அப்படி நடக்குமா?"

நடந்தது. 2016-ல் நம் நாட்டில் புதிய திவால் சட்டம் வந்தது. 2017 ஜூன் மாதம் ரிசர்வ் பேங்க், வராக்கடன் பெரிசாக இருந்த 12 கம்பெனிகளை அந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுபோகச் சொன்னது. அந்தப் பன்னிரண்டில் ஐந்து, ஸ்டீல் கம்பெனிகள்! எஸ்ஸார் ஸ்டீல், பூஷண் ஸ்டீல், பூஷண் பவர் அண்ட் ஸ்டீல், எலெக்ட்ரோஸ்டீல், மானெட் இஸ்பாத். ஐந்துமே சொத்தைக் காட்டித்தான் கடன் வாங்கியிருந்தன. பார்த்துத்தான் பேங்க்குகளும் கொடுத்திருந்தன.

கடைசியில் கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு திரும்பியது? எஸ்ஸாரில் சுமார் 83 காசு. பூஷண் ஸ்டீலில் 63. பூஷண் பவரில் 41. எலெக்ட்ரோஸ்டீலில் 40. மானெட்டில் 26. ஒரே நாடு, ஒரே சட்டம், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே தொழில். 'சொத்து' என்ற ஒரே வார்த்தைக்கு ஐந்து விலை! இதில் பூஷண் பவர் கதை இன்னும் நீளம். ஜே.எஸ்.டபிள்யூ. 2021-ல் பணம் கட்டி வாங்கியது. 2025 மே மாதம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். பிறகு அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, அதே வருஷம் செப்டம்பரில் செல்லும் என்று முடிந்தது. சொத்தைக் காசாக்குவது எவ்வளவு சுலபம் பார்த்தீர்களா?

கவனியுங்கள், இந்தக் காசெல்லாம் கடன் கொடுத்தவனுக்கு. ஷேர் வாங்கினவன் பந்தியில் கடைசி வரிசை. கடன்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவனுக்கு இலை போடுவார்கள். பாயசம் இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் இலை மட்டும்தான் இருக்கும்.

மாமா பென்சில் கேட்டார். ரிடையர் ஆனாலும் காதுக்குப் பின்னால் பென்சில் வைக்கிற பழக்கம் போகவில்லை. அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டார்.

"கோடி கோடின்னு சொன்னா எனக்குத் தலை சுத்துது. டன் கணக்குல சொல்லு. எனக்கு டன்னு தெரியும்."

இதுதான் அன்றைக்கு நடந்த உருப்படியான காரியம். ஏனென்றால் ஸ்டீல் கம்பெனியின் கடனைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

பூஷண் ஸ்டீலை எடுத்துக்கொண்டோம். ஒடிசாவில் மேராமண்டலி என்கிற இடத்தில் அதன் பெரிய ஆலை. மொத்தத் திறன் வருஷத்துக்கு 56 லட்சம் டன். கடன் கொடுத்தவர்கள் கேட்டு நின்ற தொகை, வட்டி பாக்கியெல்லாம் சேர்த்துச் சுமார் 56,000 கோடி. வகுத்துப் பாருங்கள். ஒரு டன் திறனுக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன்! பத்து சதவிகித வட்டி என்று வைத்தால்கூட, முழுத் திறனில் ஓடினாலும் ஒவ்வொரு டன் தலையிலும் பத்தாயிரம் ரூபாய் வட்டி. தாது வாங்கி, கரி வாங்கி, கரண்ட்டுக்குக் கட்டி, கூலி கொடுத்து, அதற்கு மேல் டன்னுக்குப் பத்தாயிரம் வட்டிக்கென்றே மிஞ்ச வேண்டும். நல்ல வருஷத்தில் மிஞ்சலாம். 2015 மாதிரி வருஷத்தில்?

அந்த வருஷம் சீனா 11 கோடி டன்னுக்கு மேல் ஸ்டீலை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. உலகம் முழுக்க விலை சரிந்தது. 2016 பிப்ரவரியில் நம் அரசாங்கமே 173 வகை ஸ்டீல் சரக்குகளுக்கு, 'இந்த விலைக்குக் கீழே இறக்குமதி கூடாது' என்று கோடு போட வேண்டி வந்தது. விலை சரியும்போது லாபம் சரியும். லாபம் சரியும்போது சொத்தின் மதிப்பும் சரியும். கடன் மட்டும் சரியாது. அது கல் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். குட்டி வேறு போடும்.

2018 மே மாதம் டாடா ஸ்டீல் பூஷண் ஸ்டீலை எடுத்துக்கொண்டது. கடன் கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது சுமார் 35,000 கோடி. டன்னுக்குக் கணக்கு போட்டால் அறுபத்துமூவாயிரம் ரூபாய் பக்கம். அதே ஆலை, அதே உலை, அதே ஆட்கள். ஒரு டன்னுக்கு ஒரு லட்சம் சுமந்தபோது மூழ்கியது. அறுபத்து மூன்றில் கைமாறியதும் மிதந்தது. இரும்பில் எந்தக் கோளாறும் இல்லை, சுமையில்தான் கோளாறு!

"சரி, இப்ப நம்ம கம்பெனியைப் போடு" என்றார் மாமா. 'நம்ம கம்பெனி' என்ற வார்த்தையில் இன்னும் பாசம் ஒட்டிக்கொண்டிருந்தது.

போட்டோம். திறன் 30 லட்சம் டன். கடன் 18,000 கோடி. ஒரு டன்னுக்கு 60,000 ரூபாய். பத்து சதவிகிதத்தில் டன்னுக்கு வட்டி 6,000. போன வருஷம் நல்ல வருஷம். வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தின லாபம் 3,600 கோடி. டன்னுக்கு 12,000. வட்டியைப் போல இரண்டு மடங்கு. பரவாயில்லை. ஆனால் நான்கு வருஷத்துக்கு முந்தின மோசமான வருஷத்தில் லாபம் 1,500 கோடி. டன்னுக்கு 5,000. வட்டி கட்டவே டன்னுக்கு ஆயிரம் ரூபாய் குறைகிறது. அசல் தவணை தனி. உலைக்குச் செங்கல் மாற்றுகிற செலவு தனி.

"அப்ப மோசமான வருஷத்துல என்ன பண்ணுவாங்க?"

"புதுக்கடன் வாங்கி பழைய வட்டியைக் கட்டுவாங்க."

மாமா பென்சிலைக் கீழே வைத்தார். அவருக்கு அந்த வித்தை தெரியும். ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வெளியே மீட்டர் வட்டிக்காரர்கள் சம்பளத்தன்று நிற்பதை முப்பது வருஷம் பார்த்தவர்.

ஆனால் விடவில்லை. "டாடாவுக்கும்தான் மலை மாதிரி கடன் இருந்தது. அவன் முழுகினானா?"

நியாயமான கேள்வி. கடன் என்றாலே பாவம் என்று முடிவு கட்டிவிட்டால் உலகத்தில் எந்த உலையும் எரியாது. டாடா ஸ்டீல் 2007 ஜனவரியில் ஐரோப்பாவின் கோரஸ் கம்பெனியை ஏலத்தில் எடுத்தது. ஒரு ஷேருக்கு 608 பென்ஸ். எதிர்த்து நின்ற பிரேசில் கம்பெனி 603-ல் நின்றுவிட்டது. மொத்தம் சுமார் 1,200 கோடி டாலர். பெரும்பகுதி கடன். மறு வருஷமே, 2008-ல், உலகப் பொருளாதாரம் குப்புற விழுந்தது. 2013-ல் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது டாடா ஸ்டீல் சுமார் 8,300 கோடி ரூபாய் சொத்தைப் புத்தகத்திலிருந்து நீக்கியது. பெரும்பகுதி ஐரோப்பியச் சொத்து. எங்கேயும் தீப்பிடிக்கவில்லை, வெள்ளம் வரவில்லை. 'இது இவ்வளவு பெறாது' என்று பேனாவால் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தப் பேனாவால் கடனில் ஒரு ரூபாயைக்கூட அடிக்க முடியாது. 2024 செப்டம்பரில் பிரிட்டனில் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலையும் அணைந்தது.

அப்புறம் எப்படித் தாக்குப்பிடித்தது? ஜாம்ஷெட்பூர் சம்பாதித்தது. அங்கே சொந்த இரும்புத்தாதுச் சுரங்கம் உண்டு. நிலக்கரியில் ஒரு பங்கும் சொந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது. மற்றவன் சந்தை விலைக்குத் தாது வாங்கும்போது, இவர்களுக்கு வீட்டுக் கொல்லையில் காய்கிற முருங்கைக்காய் மாதிரி. ஐந்தொகையில் சுரங்கம் பெரிய எண்ணாகவே தெரியாது. ஆனால் மோசமான வருஷத்தில் கம்பெனியைத் தூக்கி நிறுத்துவது அதுதான். பிறகு 2021-ல் ஸ்டீல் விலை எகிறியதும் கடனை அடைத்தார்கள். 2020 மார்ச்சில் கையிருப்பு போக ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்த கடன், 2022 மார்ச்சில் சுமார் 51,000 கோடியாக, பாதியாகக் குறைந்தது.

அந்தச் சுரங்கத்திலும் ஒரு தேதி இருக்கிறது. 2015-ல் திருத்திய சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான பழைய சுரங்கக் குத்தகைகள் 2030 மார்ச் 31 வரைதான். அதன் பிறகு ஏலம். சொத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, மருந்து பாட்டில் மாதிரி. திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

"நம்ம கம்பெனிக்குச் சுரங்கம் இருக்கா?" என்றார் மாமா மெதுவாக.

தேடினோம். இல்லை. தாது முழுக்க வெளியே வாங்குகிறார்கள். கரி ஆஸ்திரேலியாவிலிருந்து, டாலரில்.

இன்னொரு பக்கத்தையும் காட்டினேன். ஆண்டறிக்கையில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று தாய்க் கம்பெனியின் தனிக்கணக்கு. இன்னொன்று பிள்ளைக் கம்பெனிகளையும் சேர்த்த குடும்பக் கணக்கு. மாமா சொன்ன 18,000 கோடி தனிக்கணக்கு. குடும்பக் கணக்கில் கடன் 21,000 கோடி! 'என் பேர்ல கடன் இல்லை' என்று சொல்கிற அப்பா, பையன் பேரில் வாங்கி வைத்திருக்கிற மாதிரி. வாட்ஸப் குரூப்பில் எந்தக் கணக்கை அனுப்புவார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

மணி மூன்றாகிவிட்டது. அத்தை மறுபடி காபி கொண்டுவந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், டம்ளரை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்:

"அவங்களுக்கு நல்ல வருஷம் எப்ப, மோசமான வருஷம் எப்பன்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

இல்லை. அதைத்தான் யாராலும் போட முடியாது. ஒரு ஸ்டீல் கம்பெனி ஐந்து வருஷம் பொறுத்திருந்து அடுத்த நல்ல காலத்தைப் பார்த்துவிடலாம். தை மாசத்து முகூர்த்தம் பொறுக்காது. நான் அதுவரை கம்பெனியின் கடனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அத்தைதான் மாமாவின் கடனைப் பற்றிப் பேசினாள். பெண்ணுக்குச் செய்ய வேண்டியதும் ஒரு கடன்தானே? அதற்கும் தவணைத் தேதி உண்டு. குறித்த தேதியில் கட்ட வேண்டிய கடன் வைத்திருக்கிறவன், தேதி தெரியாத லாபத்தில் பணம் போடக்கூடாது. கம்பெனிக்கும் அதே சட்டம்தான், குடும்பத்துக்கும் அதே சட்டம்தான். மூழ்கிய கம்பெனிகள் எல்லாம் சொத்தில்லாமல் மூழ்கவில்லை. தவணைத் தேதியன்று கையில் காசில்லாமல் மூழ்கின.

மாமா பத்து லட்சத்தை பேங்க்கில் போட்டார். கல்யாணத்தைத் தொடாத பணத்தில், போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஐம்பதாயிரத்துக்கு மட்டும் ஸ்டீல் ஷேர் வாங்கினார். அதே கம்பெனி இல்லை. டன்னுக்குக் கடன் குறைந்த இன்னொரு கம்பெனி.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கட்டுரையில் அந்த முதல் கம்பெனி இந்நேரம் திவாலாகியிருக்க வேண்டும். ஆகவில்லை! சொல்லப்போனால் நான்கே மாசத்தில் அதன் ஷேர் முப்பது பர்சென்ட் ஏறியது. நானே மாமாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன்.

"ஏறட்டும் மாப்ளே. நல்லா இருக்கட்டும். ஆனா இரும்பு விலைக்கு முகூர்த்தம் தெரியாதே!" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாம்பாரில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல்.

மாமா இப்போதும் வாட்ஸப்பில் வருகிற ஸ்டீல் டிப்ஸையெல்லாம் படிக்கிறார். படித்துவிட்டு நான்கே கேள்வி கேட்கிறார். 'சொத்துல இன்னிக்கு ஓடுறது எவ்வளவு, கட்டிக்கிட்டே இருக்கிறது எவ்வளவு? டன்னுக்கு எவ்வளவு கடன்? மோசமான வருஷத்து லாபம் வட்டிக்குக் காணுமா? நீங்க சொல்றது தனிக்கணக்கா, குடும்பக் கணக்கா?' பதிலுக்கு இரண்டு நாள் காத்திருப்பார். வராவிட்டால் மறுபடி அதையே அனுப்புவார்.

போன மாசம் அந்த குரூப்பிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள்.